ஒரே புகார், இரண்டு உறைகள்

நாம் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் கம்பெனி வேறொரு பெரிய கம்பெனிக்குக் கைமாறிவிட்டதாகவும், "உங்களுக்கு எதுவும் மாறாது" என்று அஞ்சல் வந்திருப்பதாகவும் போன வாரம் நான் அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னீர்கள். நம்பலாமா என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பதில் கிடைத்த விதம் தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்படும். ஓய்வு பெற்றவனுக்கு நேரமும் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நம் நிறுவனம் அப்போது காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது. கீழே மோட்டார் காயில் கட்டும் கடை. மேலே நாங்கள் ஆறேழு பேர். மில், பவுண்டரி, எண்ணெய்ச் செக்கு என்று யார் கேட்டாலும் அவர்கள் வேலைக்கு ஏற்ற மென்பொருள் எழுதிக் கொடுப்போம். எழுதிக் கொடுத்தபின் அது நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்த வாடிக்கையாளர்களில் சின்னுசாமி அண்ணன் ஒருவர். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஹேச்சரி வைத்திருந்தார். முட்டைகளைப் பெரிய பெட்டி போன்ற இயந்திரங்களில் அடுக்கிவைத்தால் இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். அன்றே குஞ்சுகளைப் பெட்டிகளில் போட்டு, சுற்றுவட்டார ஊர்களில் அவருக்காகக் கோழி வளர்க்கும் விவசாயிகளுக்கு அனுப்ப வேண்டும். யாருடைய கொட்டகை காலியாக இருக்கிறது, யாருடையதில் இன்னும் கோழி நிற்கிறது, எந்த வண்டி எந்த ஊருக்கு என்று பட்டியல் போட்டுத் தருவது எங்கள் மென்பொருள். பட்டியல் தவறினால் குஞ்சு வண்டி போய் நிற்கும் இடத்தில் இறக்க இடம் இருக்காது. பெட்டிக்குள் இருக்கும் குஞ்சு வெயிலைத் தாங்காது.

அந்த மென்பொருளை நாங்கள் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் டேட்டாபேஸ் மீது கட்டியிருந்தோம். அது பல இயங்குதளங்களில் ஓடும். பல்லடத்தில் ஒரு பெரிய இயந்திரமும் அதிலிருந்து இழுத்த டெர்மினல்களுமாக யுனிக்ஸ் வகைத் தளத்தில் ஓடியது. வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் அலுவலகத்துக்கு அதே டேட்டாபேஸை வேறொரு தளத்தில் போட்டுக் கொடுத்திருந்தோம். எது வாங்கினாலும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே கவனிப்பு என்பதுதான் அந்தக் கம்பெனியின் பெருமை.

அவர்களுக்குப் பெங்களூரில் அலுவலகம் இருந்தது. எஸ்.டி.டி. போட்டால் ஒருவர் எடுப்பார். பெயர் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. "சப்போர்ட்டுங்க, சொல்லுங்க" என்பார். அந்த 'ங்க'விலேயே நம் கொங்குப் பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை கேட்டதற்கு, "காரமடைங்க. இங்க வந்து நாளாச்சு, இருந்தாலும் வாய் மாறலீங்க" என்றார். முகம் பார்த்ததில்லை. ஆனால் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் குரலிடம் கற்றது. குறையைச் சொன்னால் உடனே தீர்வு சொல்லமாட்டார். "அதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார். நான் சொல்வேன். "அதுக்கும் முன்னாலங்க?" என்பார். இரண்டு, மூன்று முறை பின்னால் போனதும் குறை எங்கே என்று எனக்கே தெரிந்துவிடும்.

ஒரு குஞ்சு நாளில் நான் ஹேச்சரியில் இருந்தேன். அங்கே கணினி வேலையைக் கவனித்துவந்த ஜெசிந்தா போனை எடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். ஞாயிற்றுக்கிழமை குஞ்சு பொரித்தால் முதல் பூசை முடித்த கையோடு வந்துவிடுவார். எதிர்முனையில் பேசியது பொங்கலூர் பக்கத்து விவசாயி ஒருவர். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்ததால் குரல் எனக்கும் கேட்டது.

"ஏனுங்க அம்மணி, எங்கூட்டுச் செட்டுல கோழி இன்னும் புடிக்கவே இல்லீங்க. குஞ்சு வண்டி வந்து வாசல்ல நிக்குது. பெரிய கோழிக்கு மேல குஞ்சை உட்டுப்போடட்டுங்களா?"

ஜெசிந்தா பட்டியலைப் பார்த்தார். காலி என்றுதான் இருந்தது. அந்த வண்டியை வேறு ஊருக்குத் திருப்பினோம். பிறகு நான் பெங்களூருக்குப் போன் போட்டேன். வழக்கம்போல் பின்னோக்கிப் போய்ப் பார்த்ததில், பதிவுகள் ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் டேட்டாபேஸின் அட்டவணை, அதாவது எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் இன்டெக்ஸ், குழம்பிவிடுகிறது என்று தெரிந்தது. குறை எங்களுடையது அல்ல, அவர்களுடையது. "இதைத் திருத்தித்தான் ஆகோணுங்க. அதுவரைக்கும் குஞ்சு நாளுக்கு முந்தின சாயங்காலம் அட்டவணையை அழிச்சு மறுபடி கட்டிப்போடுங்க" என்று வழி சொன்னார். அதைத் தாளில் எழுதி ஜெசிந்தாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். வால்பாறையிலும் அதே குழப்பம் தலைகாட்டியது. இரண்டு ஊரையும் சேர்த்து ஒரே புகாராக எழுதி அனுப்பினேன்.

இந்த நேரத்தில்தான் அந்தக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கியவர்களுக்குச் சொந்தமாக ஒரு இயங்குதளம் இருந்தது. வால்பாறையில் ஓடியது அதுதான். பல்லடத்தில் ஓடியது அதற்குப் போட்டித் தளம்.

கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் வாடிக்கையாளர்களைக் கூட்டிப் பேசினார்கள். நான் சின்னுசாமி அண்ணனையும் அழைத்துப் போயிருந்தேன். மேடையில் இருந்தவர் எல்லாத் தளங்களையும் ஒரே அக்கறையோடு பார்த்துக்கொள்வோம் என்று ஆங்கிலத்தில் பேசினார். அவர் பின்னால் திரையில் ஓடிய படங்கள் எல்லாம் அவர்களுடைய தளத்தில் எடுத்தவை. அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"என்ன சொல்றாருங்க தம்பி?"

"எல்லாம் முன்ன மாதிரியே நடக்கும்கிறாருங்ணா."

"நாங்கூட கோழி வளக்க வாரவங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவேன். சாப்பாடு நல்லா இருக்குது, சாப்புடுங்க."

சிரித்துவிட்டாரே தவிர, அவருக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. உடுமலைக்குப் பக்கத்தில் இரண்டாவது ஹேச்சரி கட்டிக்கொண்டிருந்தார். கட்டடம் எழும்பிவிட்டது. கணினிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். பல்லடத்தில் இருப்பது மாதிரியே வாங்குவதா, வேறு வாங்குவதா? திரும்பும் வழியில், சூலூர் தாண்டியதும் காரை மெதுவாக்கிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, எனக்குக் கோழியைப் பத்தித் தெரியும். இதைப் பத்தித் தெரியாது. உடுமலையிலயும் இதையே வெச்சா ஓடுமா, ஓடாதா? நீங்க சொல்றபடி செஞ்சுபோடறேன்."

பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

இளையவர்களே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். என் கையில் இருந்தது மூன்று விஷயங்கள். மேடைப் பேச்சு, அது விற்பவர் பேச்சு. ஒரு பத்திரிகையில் வந்த செய்தி, அதுவும் மேடைப் பேச்சையே திருப்பிப் போட்டது. மூன்றாவது, பெங்களூர்க் குரல். நேராக அவரைக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"நம்ம தளத்துக்கு இனிமேலும் வேலை நடக்குமுங்களா?" என்று கேட்டேன்.

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அதுக்குன்னு எங்ககிட்ட எழுதிக் குடுத்த பதில் ஒன்னு இருக்குதுங்க. படிக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க" என்றேன்.

நான் இன்னும் அழுத்தியிருந்தால் அவர் அந்தத் தாளைப் படித்திருப்பார். அல்லது உண்மையைச் சொல்லிவிட்டு, அன்றிரவு தூங்காமல் இருந்திருப்பார். இரண்டுமே எனக்கு வேண்டாம். சொல்லக் கூடாது என்று கட்டிப்போடப்பட்ட ஒருவரிடம் அதையே கேட்பது கேள்வி அல்ல, தொந்தரவு. ஆகவே பேச்சை மாற்றி, எங்கள் புகார் என்ன ஆயிற்று என்று கேட்டேன். குறை திருத்தப்பட்டுவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. ஆனால் திருத்தம் இன்னும் கைக்கு வரவில்லை.

"ரெண்டு ஊரையும் ஒரே கவர்ல போட்டா ஒரே பதில்தானுங்க வரும்" என்றார். "தனித்தனியா அனுப்புங்க."

"ஒரே குறைதானுங்களே?"

"ஒரே குறைதானுங்க. ஒரே நாள்ல, தனித்தனிக் கவர்ல அனுப்புங்க." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வேறு அழைப்பு காத்திருக்கிறது என்று வைத்துவிட்டார்.

எனக்கு விளங்கவில்லை. மறுநாள் ஹேச்சரிக்குப் போனபோதுதான் விளங்கியது. உடுமலைக்கு வாங்கப்போகும் மாதிரியில் புதிய பொரிப்பு இயந்திரம் ஒன்றைப் பரிசோதனைக்காகப் பல்லடத்தில் இறக்கியிருந்தார்கள். அண்ணன் பக்கத்தில் நின்று முட்டைத் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு பழைய பெட்டிக்குள் போனது. அடுத்தது புதிய பெட்டிக்குள்.

"ஏனுங்ணா, கலந்து வெக்கறீங்க?"

"கலக்கலீங்க, பங்கு போடறேன். ஒரே பண்ணை, ஒரே நாள் முட்டை. ரெண்டு பொட்டியிலயும் பாதிப் பாதி. இருபத்தோரு நாள் கழிச்சு எதுல எவ்வளவு குஞ்சு இறங்குதுன்னு பாத்தா, மெசின் விக்கறவன் பேசறதைக் கேக்கவே வேண்டியதில்லை. இப்படி மூனு தடவை பாக்காம எங்க ஊர்ல யாரும் பொட்டி மாத்தமாட்டாங்க."

காரமடைக்காரர் எனக்குச் சொன்னதும் இதைத்தான். வாயைக் கட்டிப்போட்டிருந்தாலும் வழியைக் காட்டிவிட்டார்.

அன்றே காந்திபுரம் திரும்பி இரண்டு புகார் எழுதினேன். வாசகம் ஒரு எழுத்து மாறவில்லை. ஊரும் தளமும் மட்டும் வேறு. இரண்டையும் ஒரே கூரியர்க் கடையில், ஒரே ஆளிடம் கொடுத்தேன்.

வாரம் முடிவதற்குள் வால்பாறை எஸ்டேட் குமாஸ்தா போன் செய்தார். "சார், திருத்தம் போட்ட பிளாப்பி வந்துபோச்சுங்க. மத்தியான பஸ்ல ஏத்தி உட்டிருக்காங்க, நாப்பது வளைவு ஏறியும் ஒடையாம வந்துருச்சு. போட்டுப் பாத்தேன், லிஸ்ட்டு சரியா வருதுங்க."

பல்லடத்துக்குக் கடிதம்தான் வந்தது. நல்ல தாள். எங்கள் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். குறை ஆய்வில் இருப்பதாகவும், இதற்கிடையே அவர்களுடைய தளத்துக்கு மாறினால் பல வசதிகள் கிடைக்கும் என்றும் இருந்தது. பிளாப்பி இல்லை. இன்னும் சில நாள் பார்த்தேன். வரவில்லை. அவகாசம் முடிந்த நாளில் பல்லடம் போய் அண்ணனிடம் சொன்னேன்.

"ஓடும்ங்ணா. ஆனா கெட்டுப்போனா சரிபண்ண ஆள் இருக்காது. உடுமலையில இதை வெக்க வேண்டாம். இங்கயும் மாத்தியாகோணும்."

அவர் முகம் மாறியது. "நல்லா ஓடிட்டிருக்கற மெசினுங்க. அவன் வாங்கிப்போட்டான்கறதுக்காக நான் மாத்தோணுமா? அவன் பேச்சைக் கேட்டு அவன் மெசினையே வாங்கோணும்கறீங்களா?"

"அவங்களுதை வாங்கச் சொல்லலீங்ணா."

"பின்ன எதை?"

இதற்கு நான் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். வாங்கிய கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பணம் போட்டது தங்கள் தளம் விற்கத்தான். போட்டிக்காரனின் தளத்தில் ஓடும் சரக்கை மெருகேற்ற அவர்கள் எதற்கு ஆள் போடுவார்கள்? அது சதி அல்ல, கணக்கு. தவறு எங்கே என்றால், சொந்தத் தளம் வைத்திருப்பவரிடம் போய் எல்லாத் தளத்துக்கும் நடுநிலையாக இரு என்று எதிர்பார்ப்பதில். ஆகவே சந்தையில் இருந்த மற்ற டேட்டாபேஸ்களில், இயங்குதளம் எதுவும் விற்காத கம்பெனியுடையது எது என்று தேடினேன். இரண்டு தேறின. அதில் ஒன்று எங்கள் இயந்திரத்திலும் ஓடும், மற்றவர்களுடையதிலும் ஓடும். கொஞ்சம் மெதுவானது. அழகும் குறைவு. ஆனால் அதை விற்பவருக்கு எங்களை எந்தப் பக்கமும் தள்ள வேண்டிய அவசியம் இல்லை.

அண்ணன் கேட்டுவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற அம்மணி?"

"மெதுவா இருந்தா பரவாயில்லீங்க. பொய் சொல்லாம இருந்தாச் சரி. வண்டி வாசல்ல நின்னா போன்ல திட்டு வாங்கறது நானுங்க."

"சரி. ஆனா பொட்டி மாத்தற மாதிரிதான் மாத்தோணும். மூனு தடவை குஞ்சு பொரிக்கட்டும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். அப்பறந்தான் பழசை நிறுத்தறது."

நான் ஒரு வார இறுதியில் மாற்றிவிடுவதாகத் திட்டமிட்டிருந்தேன். மூன்று முறை என்றால் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பதிய வேண்டும். ஜெசிந்தா பெருமூச்சு விட்டார். ஆனால் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எங்கள் பழைய இயந்திரத்திலேயே புதிய டேட்டாபேஸையும் போட்டு, மென்பொருளை அதற்கு ஏற்ப மாற்றி எழுதினோம். அந்த வேலை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் தினமும் செய்வதுதான்.

முதல் முறை இரண்டு பட்டியலும் ஒன்றாகவே வந்தன. இரண்டாவது முறை ஒரு பண்ணையில் வேறுபட்டன. பழையது காலி என்றது. புதியது கோழி நிற்கிறது என்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்கள் குஞ்சுப் பெட்டிகளை வண்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டிகளின் ஓட்டைகள் வழியாகக் கீச்சுச் சத்தம் அறை முழுவதும் நிறைந்திருந்தது.

"எதை நம்பறதுங்க தம்பி?" என்றார் அண்ணன்.

அந்த நேரத்தில் இரண்டில் எது சரி என்று கண்டுபிடிக்க உட்காரக் கூடாது. பழையதைப் பழகியிருக்கிறோம் என்று அதை நம்பவும் கூடாது, புதியதை நான் எழுதினேன் என்று அதை நம்பவும் கூடாது. "ரெண்டு லிஸ்ட்டும் ஒத்துப்போற ஊருக்கு முதல்ல அனுப்புங்ணா. அந்த ஒரு பண்ணையைக் கடைசி வண்டிக்கு வெச்சுக்கலாம். அதுக்குள்ள தெரிஞ்சுக்குவோம்" என்றேன்.

அந்தப் பண்ணைக்குப் போன் கிடையாது. ஜெசிந்தா அந்த ஊர் மளிகைக் கடைக்குப் போட்டார். கடைக்காரர், "இருங்க அம்மணி, பையனை அனுப்பலாம்னா சைக்கிள் இல்லை, நானே நடந்து பாத்துப்போட்டு வாரேன்" என்று வைத்துவிட்டார். கடைசி வண்டிக்கு ஏற்றும்போது மறுபடி மணி அடித்தது.

"கோழி நிக்குதுங்க. நல்லாப் பெருசு பெருசா நிக்குது. ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு எனக்கு வேணும்னு சொல்லிப்போடுங்க."

புதிய பட்டியல் சரி. பழையது தவறியது, திருத்தமாட்டோம் என்று சொல்லாமலே திருத்தாமல் விட்டார்களே, அதே குறையால். முந்தைய மாலை வேறு வேலையில் அட்டவணையை மறுபடி கட்ட விட்டுப்போயிருந்தது. மனிதர்கள் மறப்பார்கள், அதற்காகத்தான் திருத்தம் வேண்டும் என்று கேட்டோம். கடைசி வண்டி வேறு ஊருக்குப் போனது. மூன்றாவது முறையும் முடிந்தபின் பழைய டேட்டாபேஸை நிறுத்தினோம்.

நிறுத்தியதை நானே பெங்களூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சொல்லாமல் போவது முறையில்லை என்று தோன்றியது. "உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலீங்க" என்றேன்.

"சரிங்க" என்றார். அடுத்து, "தனித்தனியா அனுப்புனீங்களா?" என்றார்.

"அனுப்புனேங்க."

"நல்லதுங்க." குரலில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. "உடுமலையில எப்பங்க முட்டை வெக்கறாங்க?"

அடுத்த வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். ஏன் கேட்டார் என்று அப்போது யோசிக்கவில்லை.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பழைய தளத்தில் அந்த டேட்டாபேஸை நிறுத்திவிட்டதாக அந்தக் கம்பெனி எங்கும் அறிவித்ததாக நான் கேள்விப்படவில்லை. புகார்களுக்குப் பதில் வருவது தாமதமானது. பிறகு கடிதம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. எங்களைப் போலக் கிளம்பாத சில நிறுவனங்கள் அவசரத்தில் மாற வேண்டி வந்தது. அவசரத்தில் மாறுபவருக்குத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது. எதிரில் நிற்பதை வாங்குவார். எதிரில் நின்றது யாருடைய சரக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். "எதுவும் மாறாது" என்ற அஞ்சலை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். ஒரு சின்னக் குறையைத் தேர்ந்தெடுங்கள். வாங்கிய கம்பெனியின் தளத்திலும், அவர்களுடையது அல்லாத தளத்திலும் உள்ள குறையாக இருக்கட்டும். ஒரே நாளில் தனித்தனியாக அனுப்புங்கள். எதற்கு முதலில் திருத்தம் வருகிறது என்று பாருங்கள். போனை எடுக்கும் பையனையோ பெண்ணையோ நெருக்காதீர்கள்; அவர்களுக்கும் ஒரு தாள் கொடுக்கப்பட்டிருக்கும்.

உடுமலையில் முதல் குஞ்சு நாள் அன்று நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தோம். பட்டியலும் சரியாக வந்தது, வண்டிகளும் போய்ச் சேர்ந்தன. திருமூர்த்தி மலைப் பக்கத்திலிருந்து காற்று நன்றாக வந்தது. அண்ணன் வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த கோழிக் குழம்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அலுவலகப் போன் அடித்தது. புது எண். அழைத்தவர் அதைப் பல்லடத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"சப்போர்ட்டுங்க" என்றது குரல். பழக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது, உடனே சிரித்தார். "இன்னிக்கு இருபத்தோராம் நாளுங்களே. குஞ்செல்லாம் போய்ச் சேந்துச்சுங்களா?"

"சேந்துருச்சுங்க. ஒரு வண்டிகூட நிக்கலீங்க."

"அதுதானுங்க கேக்கணும்னு இருந்துச்சு. வெச்சுடறேன், லைன்ல ஆள் காத்திருக்காங்க."

நான் போனை வைத்ததும் அண்ணன் யார் என்று கேட்டார். சொன்னேன். இலையில் சோற்றைத் தள்ளிக்கொண்டிருந்த ஜெசிந்தா, "நாமதான் அவங்களை உட்டுப்போட்டமே சார்?" என்றார். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அட, நல்ல மனுசனா இருக்கறாரே. ரெண்டு கோழி உறிச்சு ஐஸ்ல போட்டு பெங்களூர் பஸ்ல ஏத்தி உட்ரலாம். பேரென்னங்க தம்பி?"

"தெரியாதுங்ணா."

"இத்தனை வருசமாப் பேசறீங்க, பேர் தெரியாதா?"

"கேட்டா சொல்லக் கூடாதுங்க, அவங்க விதி. அதனால கேக்கலை."

அண்ணன் கீழே வைத்த கரண்டியை மறுபடி எடுத்தார். பிறகு குண்டானை என் பக்கம் இழுத்தார்.

"அப்ப அவரு பங்கையும் நீங்களே சாப்புடுங்க" என்று ஒரு கரண்டி அதிகமாகப் போட்டார். "எலும்பைக்கூட ஒதுக்காதீங்க. அவரு பங்குல மிச்சம் வெக்கக் கூடாது."